நஃப்ஸுக்கு நாம் சொல்லும் சொல்

சென்ற ஷஃபான் மாதத்தில் ஒரு நாள், லுஹர் தொழுகைக்குப் பின்னர் நாம் மதரஸாவின் திண்ணையில் அமர்ந்திருந்தபோது, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு தாயார் தம் மகளை அழைத்துக்கொண்டு வந்து சலாம் சொன்னார்கள். கையில் தண்ணீர் நிறைத்த பாட்டில் ஒன்று இருந்தது.

"ஹஜ்ரத், இதில் ஓதி ஊதித் தர வேண்டும். இவள் காலையில் எழுந்ததும் கண்ணாடிக்கு முன்னால் நின்றுகொண்டு தனியாகப் பேசுகிறாள். என்னவோ ஏதோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது."

மகள் தலையைக் குனிந்தபடியே, "நான் ஜின்னோடு பேசவில்லை ஹஜ்ரத். என்னோடுதான் பேசுகிறேன்" என்றார்.

அந்தப் பெண்ணுக்கு இருபத்து நான்கு வயது. பட்டப்படிப்பு முடித்தவர். விரல்களிலும் உதட்டோரத்திலும் வெண்புள்ளிகள். இதை வெண்குஷ்டம் என்று சொல்லும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் முற்றிலும் ஒழியவில்லை. அது குஷ்டமும் அல்ல. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதும் அல்ல. ஆயினும் பெண் பார்க்க வந்த நான்கு குடும்பத்தார் பலகாரம் சாப்பிட்டுவிட்டுப் போய், பிறகு ஆள் மூலம் 'வேண்டாம்' என்று சொல்லியனுப்பியிருக்கிறார்கள். நான்காவது முறை, வீட்டிலுள்ள ஒரு பெரியவரே, 'இது விலைபோகாத சரக்கு' என்று அவர் காதுபடச் சொல்லியிருக்கிறார்.

அதன் பிறகு ஒரு தோழி காட்டிக் கொடுத்தபடி, கைபேசியில் தினந்தோறும் காலையில் வரும் சில வாசகங்களைக் கண்ணாடி முன் நின்று சொல்லத் தொடங்கினாராம். தாம் அழகானவள் என்றும், தம்மைத் தாம் முழுமையாக நேசிப்பதாகவும், தமக்குத் தாமே போதுமென்றும் சொல்லும் வாசகங்கள் அவை. தாயாரைச் சற்றுத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு அவர் நம்மிடம் கேட்டது இதுதான்:

"இதைச் சொல்வது பெருமையில் சேருமா ஹஜ்ரத்? சொல்லும்போது பொய் சொல்கிறமாதிரி இருக்கிறது. சொல்லாமல் இருந்தால் மனசு வேறொன்றைச் சொல்கிறது. அது இதைவிட மோசமாக இருக்கிறது."

அன்று நாம் என்ன செய்தோம் தெரியுமா? அஸருக்குள் முடிக்க வேண்டிய வேலை ஒன்றிருந்த அவசரத்தில், 'திக்ரை அதிகப்படுத்துங்கள் தங்கச்சி, எல்லாம் சரியாகும்' என்று சொல்லி, தண்ணீரிலும் ஊதிக் கொடுத்து அனுப்பிவிட்டோம். கேட்டது ஒன்று, கொடுத்தது வேறொன்று. அவர் மறுபேச்சின்றி எழுந்து போனது நம்மை வெகு நாட்கள் உறுத்திக்கொண்டே இருந்தது. அவருடைய அனுமதியைப் பெற்றே இதை எழுதுகிறோம். பெயரும் ஊரும் வாசகர்களுக்குத் தேவையில்லை.

கண்ணியமிக்க வாசகர்களே! தனக்குத் தானே நல்ல சொற்களைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்ளும் இந்தப் பழக்கம் கைபேசியோடு பிறந்ததல்ல. பிரான்சு நாட்டில் 1857-ஆம் ஆண்டு பிறந்த எமில் கூவே என்னும் மருந்துக் கடைக்காரர் ஒருவர், மருந்தைக் கொடுக்கும்போது அதைப் பற்றி இரண்டு நல்ல வார்த்தை சேர்த்துச் சொன்னால் அது கூடுதலாக வேலை செய்வதைக் கண்டார். நாளடைவில், நோயாளி தானே தனக்கு அவ்வார்த்தையைச் சொல்லிக்கொள்ளட்டும் என்று ஒரு முறையை வகுத்தார். நாளுக்கு நாள் எல்லா வகையிலும் தாம் தேறி வருவதாகக் காலையில் கண் விழித்ததும் இருபது தடவை, இரவில் தூங்கப் போகுமுன் இருபது தடவை சொல்ல வேண்டும். எண்ணிக்கை தவறாமலிருக்க ஒரு கயிற்றில் இருபது முடிச்சுக்கள் போட்டு வைத்துக்கொள்ளச் சொன்னார்! நம் வீடுகளில் தஸ்பீஹ் மணி இருக்கும் இடத்தில் அவருடைய ஊரில் முடிச்சுக் கயிறு. அவருடைய நூல் ஆங்கிலத்தில் வெளிவந்து, 1923-இல் அவர் அமெரிக்கா சென்றபோது பெருங்கூட்டம் திரண்டது. 1926-இல் அவர் இறந்தார், முறை இறக்கவில்லை. அதன் வழித்தோன்றல்தான் இன்று கைபேசியில் வரும் வாசகங்கள்.

இதை 'மேல்நாட்டுச் சரக்கு' என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவது எளிது. நம்முடைய மேடைகளில் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் அதற்குள் இருக்கும் ஒரு நியாயத்தை நாம் மறுக்க முடியாது. மனிதன் தன்னைப் பற்றித் தன்னிடமே பேசிக்கொண்டிருக்கிறான். அப்பேச்சு இழிவானதாக இருந்தால் அவன் இழிந்துகொண்டே போகிறான். இதை நமக்கு முதலில் சொன்னவர் கூவே அல்லர்.

புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வாயிலாகப் பதிவாகியுள்ள ஒரு ஹதீஸ் உண்டு. மனம் குமட்டிச் சோர்ந்து கிடக்கும்போது, 'என் நஃப்ஸ் கபீஸாகிவிட்டது', அதாவது கெட்டு நாறிவிட்டது என்று எவரும் சொல்ல வேண்டாமென்றும், 'லகிஸத்' என்ற சொல்லால், அதாவது மனம் நிலைகொள்ளாமல் குமட்டுகிறது என்று சொல்லிக்கொள்ளட்டுமென்றும் பெருமானார் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். இரு சொற்களும் ஏறக்குறைய ஒரே நிலையைத்தான் குறிக்கின்றன என்று விரிவுரையாளர்கள் எழுதுகிறார்கள். அப்படியிருந்தும் ஒன்றைத் தடுத்து மற்றொன்றை வைத்தார்கள். ஏன்? 'கபீஸ்' என்பது அசுத்தத்துக்கும் தீமைக்கும் வழங்கும் சொல்; முஃமின் தன்னைத் தானே அப்பெயரால் அழைக்கக் கூடாது. கவனியுங்கள், வருத்தத்தை மறைக்கச் சொல்லவில்லை. 'நான் மகிழ்ச்சியாக இருக்கிறேன்' என்று சொல்லச் சொல்லவுமில்லை. உள்ளதைச் சொல், உன்னைத் திட்டிக்கொள்ளாதே என்றுதான் அந்தத் திருத்தம்.

ஹன்ழலா (ரலி) அவர்களின் நிகழ்ச்சி முஸ்லிமில் வருகிறது. வஹியை எழுதும் எழுத்தர்களில் ஒருவர் அவர். ஒரு நாள் அபூபக்ர் (ரலி) அவர்களைச் சந்தித்தபோது, ஹன்ழலா முனாஃபிக்காகிவிட்டான் என்று தம்மைப் பற்றியே சொன்னார். நபியவர்களின் சபையில் சுவனமும் நரகமும் கண்முன் தெரிவதுபோல் இருப்பதாகவும், வீட்டுக்குப் போய் மனைவி மக்களோடும் பிழைப்போடும் கலந்தவுடன் பெரும்பகுதி மறந்துபோவதாகவும் காரணம் கூறினார். அபூபக்ர் (ரலி) அவர்கள் 'சீச்சீ, அப்படியெல்லாம் இல்லை' என்று தேற்றவில்லை. தமக்கும் அப்படித்தான் ஆகிறது என்றார்கள்! இருவரும் சேர்ந்தே போனார்கள். அந்நிலையிலேயே எப்போதும் இருந்தால் மலக்குகள் படுக்கையிலும் பாதையிலும் வந்து முஸாஃபஹா செய்வார்கள் என்று நபியவர்கள் கூறி, அதற்கொரு நேரம் இதற்கொரு நேரம் என்று மும்முறை சொன்னார்கள். 'நீ பெரிய மனிதன்' என்ற புகழ்ச்சி அங்கே இல்லை. அவர் தம்மீது போட்டுக்கொண்ட தவறான பெயரை மட்டும் எடுத்துவிட்டார்கள்.

நம்முடைய கதையையும் சொல்லத்தான் வேண்டும். ஹிஃப்ளு ஓதிய காலத்தில், பதினோரு வயதில், பாடம் தவறும்போதெல்லாம் உஸ்தாத் ஒருவர் நம்மை 'மரமண்டை' என்பார். இரவு ஒரு மணிக்கும் எழுந்து பிள்ளைகளின் போர்வையைச் சரிசெய்துவிட்டுப் போகிறவர் அவர். நமக்கு அவர்மீது கசப்பில்லை. ஆனால் அந்தச் சொல் அவர் நாவிலிருந்து நம் நாவுக்கு வந்து தங்கிவிட்டது. இன்றும் தராவீஹில் ஓர் ஆயத்து பிடிபடாமல் பின்னால் நிற்பவர் எடுத்துக் கொடுக்கும்போது, ஸலாம் கொடுத்த மறுகணம் உள்ளே ஒரு குரல் 'மரமண்டை' என்கிறது. குரல் அவருடையதல்ல, நம்முடையது. ஆகவே அந்தத் தங்கச்சி சொன்ன 'வேறொன்று' எதுவென்று நமக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

இனி அவருடைய முதல் கேள்விக்கு வருவோம். இது பெருமையா?

உங்களை நீங்களே பரிசுத்தமானவர்கள் என்று புகழ்ந்துகொள்ள வேண்டாம் என்பது திருமறையின் கட்டளை (53:32). அதே திருமறையில் யூஸுஃப் (அலை) அவர்கள், களஞ்சியங்களின் பொறுப்பைத் தம்மிடம் தரும்படியும், தாம் பாதுகாப்பவர், அறிந்தவர் என்றும் மன்னரிடம் எடுத்துரைத்ததும் வருகிறது (12:55). ஆகவே தன்னிடமுள்ள ஒரு நன்மையை உணர்வதும், தேவைப்படும்போது சொல்வதும் மட்டுமே குற்றமாகிவிடாது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா'வில் 'உஜ்பு' என்னும் தற்பெருமைக்கு இலக்கணம் வகுக்கும்போது, நிஃமத்தைப் பெரிதாக எண்ணி அதில் சாய்ந்துகொண்டு, அதைத் தந்தவனை மறந்துவிடுவதே உஜ்பு என்கிறார்கள். மறதியில்தான் நோய் இருக்கிறது, மகிழ்ச்சியில் இல்லை.

அதே நூலில் மஹப்பத்தைப் பற்றிய பாகத்தில் இமாமவர்கள் இன்னொன்றும் சொல்கிறார்கள். உயிருள்ள ஒவ்வொன்றும் முதன்முதலில் நேசிப்பது தன்னைத்தான்; தன் இருப்பையும் அது நிலைப்பதையும்தான். அந்த நேசத்தை ஒருவன் சரியாகப் புரிந்துகொண்டால், தன் இருப்பைத் தனக்குத் தந்தவனை நேசிக்காமல் இருக்க அவனால் முடியாது. இதன்படி பார்த்தால், தன்னை நேசிக்கப் புதிதாகப் பயிற்சி எடுக்க வேண்டியதில்லை. நான்கு குடும்பத்தார் முன் அவமானப்பட்டு அந்தப் பெண் அழுதாரே, தம்மை நேசிக்காதவராக இருந்தால் ஏன் அழுதார்?

இரண்டாவது கேள்விதான் கடினமானது. பொய் சொல்வதுபோல இருக்கிறதே!

அவர் உணர்ந்தது உண்மை. கனடா நாட்டின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் வுட் என்னும் உளவியல் பேராசிரியை, வேறு இருவருடன் சேர்ந்து 2009-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். தாம் நேசிக்கத்தக்கவர் என்னும் வாசகத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்துப் பார்த்தபோது, ஏற்கனவே தம்மீது நல்லெண்ணம் கொண்டிருந்தவர்களுக்குச் சிறிது நன்மை கிடைத்தது. தம்மைத் தாழ்வாக எண்ணிக்கொண்டிருந்தவர்களோ, அதைச் சொல்லாதவர்களைவிடவும் மனம் தாழ்ந்துபோனார்கள். மருந்து யாருக்குத் தேவையோ அவருக்கே ஒத்துக்கொள்ளவில்லை! ஒவ்வொரு தடவையும் வாய் ஒன்று சொல்ல, உள்ளம் எழுந்து மறுக்கிறது. அதே ஆய்வில், அந்த வாசகம் எவ்வகையில் உண்மை, எவ்வகையில் உண்மையில்லை என்று இரண்டையும் எண்ணிப் பார்க்க விடப்பட்ட தாழ்வுணர்ச்சியுடையோர், உண்மையென்று மட்டுமே எண்ணும்படி கட்டாயப்படுத்தப்பட்டவர்களைவிட நலமாக இருந்தார்கள்.

ஹதீஸுக்கு ஆய்வுக்கூடத்தில் சான்றிதழ் வாங்கும் பழக்கம் நமக்கில்லை. ஆயினும் இதைப் படித்தபோது நமக்கு 'ஸையிதுல் இஸ்திஃபார்' நினைவுக்கு வந்தது. காலையிலும் மாலையிலும் ஓதும்படி நபியவர்கள் கற்றுத் தந்து, ஷத்தாத் பின் அவ்ஸு (ரலி) அவர்கள் வாயிலாக புகாரியில் இடம்பெற்றுள்ள அந்த துஆ, மதரஸாப் பிள்ளைகளுக்கெல்லாம் மனப்பாடம். மனப்பாடமாகிவிட்டதால் அதற்குள் என்ன இருக்கிறது என்று நாம் பார்ப்பதில்லை. நீ என்னைப் படைத்தாய், நான் உன் அடிமை என்று அதன் தொடக்கப் பகுதியில் வருகிறது. நான் அழகன், அழகி, வெற்றியாளன் என்பதெல்லாம் ஒரு நாள் உண்மையாகவும் மறுநாள் சந்தேகமாகவும் இருக்கும். 'நீ படைத்தாய்' என்பதை எந்தக் குடும்பத்தார் வந்து வேண்டாமென்று சொன்னாலும் பொய்யாக்க முடியாது. அடுத்து, உன் உடன்படிக்கையின் மீது இருக்கிறேன் என்று சொல்லும்போது கூடவே 'இயன்றவரை' என்று ஒரு சொல் வருகிறது. அந்த ஒரு சொல்லில் எவ்வளவு இரக்கம்! ஹன்ழலா (ரலி) அவர்களின் கலக்கத்துக்கும் அதில் இடமுண்டு. நம்முடைய மறந்துபோன ஆயத்துக்கும் இடமுண்டு. அதன்பின், என்மீதுள்ள உன் நிஃமத்தை ஒப்புக்கொள்கிறேன், என் பாவத்தையும் ஒப்புக்கொள்கிறேன் என்று இரண்டும் ஒரே மூச்சில் வருகின்றன. ஒன்றை மட்டும் சொன்னால் உஜ்பு. மற்றொன்றை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் நிராசை. இங்கே உள்ளம் எழுந்து மறுப்பதற்கு இடமே இல்லை. அது சொல்ல விரும்பிய குறையை நாவே சொல்லிவிட்டது.

வாசகங்களில் ஒன்றை மட்டும் நாம் திட்டமாக மறுக்கிறோம். 'எனக்கு நானே போதும்' என்பது. தன்னைத் தேவையற்றவனாகக் காணும்போதுதான் மனிதன் வரம்பு மீறுகிறான் என்று ஸூரத்துல் அலக்கில் வருகிறது (96:6, 7). அது அகீதாவோடு மோதுவது ஒருபுறமிருக்க, அதைச் சொல்லும்போது அந்தப் பெண்ணே நம்பவில்லை. யாருக்குத்தான் தான் மட்டுமே போதும்?

கூவேயின் முடிச்சுக் கயிற்றைப் பற்றிச் சொன்னோம். நம்முடைய ஹதீஸிலும் முடிச்சுக்கள் உண்டு. ஆனால் அவை போடுவதற்கல்ல, அவிழ்ப்பதற்கு. தூங்குகிறவனின் பிடரியில் ஷைத்தான் மூன்று முடிச்சுக்கள் போட்டு, இரவு இன்னும் நீளமாக இருக்கிறது என்று சொல்லித் தூங்க வைக்கிறான். எழுந்து அல்லாஹ்வை நினைத்தால் ஒன்றும், ஒளுச் செய்தால் ஒன்றும், தொழுதால் ஒன்றும் அவிழ்கின்றன. அவன் உற்சாகத்துடன் நல்ல மனத்தோடு காலையை அடைகிறான். இல்லையேல் சோம்பலுடன் 'கபீஸுன் நஃப்ஸ்' ஆகக் காலையை அடைகிறான். (தடுக்கப்பட்ட அதே சொல் இங்கே வருகிறதே என்று ஓதியவர்கள் கேட்பார்கள். இது ஒரு நிலையைப் பற்றிய செய்தி. தடை, மனிதன் தனக்கே அப்பெயரைச் சூட்டிக்கொள்வது பற்றியது என்று அறிஞர்கள் இணக்கம் கண்டிருக்கிறார்கள்.) மூன்றில் ஒன்று மட்டுமே நாவின் வேலை. இன்னொன்று தண்ணீர், மற்றொன்று எழுந்து நிற்பது. சொல்லை மட்டும் நம்பி நிற்பவருக்கு மற்ற இரண்டு முடிச்சும் அப்படியே இருக்கும்.

இவ்வளவையும் ஒழுங்கு செய்துகொண்டு, ஷவ்வாலில் அந்தத் தாயார் மறுபடி மகளுடன் வந்தபோது நாம் விளக்கினோம். அப்படியே, கண்ணாடி பார்க்கும்போது ஓதுவதாக நம் மதரஸாக்களில் கற்றுத் தரப்படும் துஆவையும் சொன்னோம். என் தோற்றத்தை நீ அழகாக்கியதுபோல் என் குணத்தையும் அழகாக்குவாயாக என்று கேட்கும் துஆ. அந்த துஆ ஹதீஸில் உறுதியாக வந்திருக்கிறது. கண்ணாடியோடு அதைச் சேர்க்கும் அறிவிப்புகள்தாம் பலவீனமானவை.

அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த துஆவில் முதல் பாதிக்கு எனக்கு நா எழவில்லை ஹஜ்ரத்" என்றார்.

நம்மிடம் உடனே பதில் இல்லை. மனித இனமே அழகிய அமைப்பில் படைக்கப்பட்டது என்னும் ஸூரத்துத் தீனின் ஆயத்தை ஓதிக் காட்டியிருக்கலாம். அது ஹக்கான பதில்தான். ஆனால் நான்கு முறை காயப்பட்டவரிடம் ஐந்தாவதாக ஓர் ஆயத்தைக் கொண்டு போய் வாயை அடைப்பதுபோல் தோன்றவே, அதை விட்டுவிட்டு ஸாஹிர் (ரலி) அவர்களைப் பற்றிச் சொன்னோம்.

ஸாஹிர் என்பவர் கிராமவாசி. பாலைவனத்திலிருந்து அன்பளிப்புகள் கொண்டு வருவார். நபியவர்கள் அவரை நேசித்தார்கள். பார்ப்பதற்கு அழகற்றவர் என்று ஹதீஸே குறிப்பிடுகிறது, மறைக்கவில்லை. ஒரு நாள் கடைவீதியில் அவர் தம் சரக்கை விற்றுக்கொண்டிருந்தபோது, நபியவர்கள் பின்னாலிருந்து அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். யாரென்று தெரியாமல் விடச் சொன்னவர், தெரிந்ததும் தம் முதுகை அந்த நெஞ்சோடு இன்னும் நெருக்கமாகச் சேர்த்துக்கொண்டார். இந்த அடிமையை வாங்குபவர் யார் என்று நபியவர்கள் விளையாட்டாகக் கூவினார்கள். அப்படியானால் என்னை விலைபோகாத சரக்காகத்தான் காண்பீர்கள் என்றார் ஸாஹிர். அவர் சொன்ன அரபுச் சொல் 'காஸித்'. கடைத்தெருவில் தேங்கிப்போன சரக்குக்குச் சொல்லும் சொல்! அல்லாஹ்விடத்தில் நீர் காஸித் அல்லர் என்று நபியவர்கள் அவருக்கு மறுமொழி கூறினார்கள்.

இதைச் சொல்லும்போது அந்தப் பெண் தலையை நிமிர்த்தியதைக் கண்டோம். அந்தச் சொல்லை அவர் வேறோர் இடத்தில் கேட்டிருந்தார் அல்லவா?

ஸாஹிர் (ரலி) அவர்கள் கண்ணாடி முன் நின்று தமக்குத் தாமே அதைச் சொல்லிக்கொள்ளவில்லை. கடைவீதியில், நாலு பேர் கேட்க, அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த ஒருவர் சொன்னார்கள். வீட்டில் இருக்கும் தாய் தகப்பன்மாரே, மாமி மாமாக்களே! 'உங்களை நீங்களே குத்திப் பேச வேண்டாம்' என்ற கருத்தில் ஸூரத்துல் ஹுஜுராத்தில் ஒரு கட்டளை வருகிறது (49:11). பிறரைக் குத்திப் பேசுவதையே அங்கே அல்லாஹ் 'உங்களையே' என்கிறான். அடுத்த சொல்லிலேயே பட்டப்பெயர் சூட்டுவதையும் தடுக்கிறான். நீங்கள் கறுப்பி என்றும் மரமண்டை என்றும் சரக்கு என்றும் ஒரு முறை சொல்லிவிட்டு மறந்துவிடுகிறீர்கள். கேட்ட பிள்ளை அதைக் காலை மாலை அவ்ராதாக ஓதிக்கொண்டிருக்கிறது. அதை அழிக்கக் கைபேசியில் வாசகம் தேடி அலைகிறது. பெண் பார்க்கப் போகிறவர்களும் இதில் சேர்த்திதான். தோற்றத்தைப் பார்த்து நிக்காஹ் செய்துகொள்வது ஆகுமானது. மறுப்பதும் உங்கள் உரிமை. மறுத்த பிறகு காரணத்தை ஊரெல்லாம் சொல்லித் திரிவதற்கு மார்க்கத்தில் எங்கே அனுமதி இருக்கிறது?

அன்று அவர்கள் புறப்படும்போது தாயார் மறுபடியும் பாட்டிலை நீட்டினார்கள். நாம் ஓதி ஊதி, மகளுக்கு வேண்டாம், நீங்களும் வீட்டிலுள்ள அந்தப் பெரியவரும் குடியுங்கள் என்று சொல்லிக் கொடுத்தோம். அவர்களுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

போன வாரம் கடைத்தெருவில் அந்தத் தாயாரைக் கண்டு மகளை விசாரித்தோம். "கண்ணாடி முன்னால் பேசுவது நிற்கவில்லை ஹஜ்ரத்" என்றார்கள். "இப்போது பேச்சு அரபியில் இருக்கிறது. நடுவில் ஓர் இடம் வந்ததும் நிறுத்திவிட்டு, கொஞ்ச நேரம் சும்மா நிற்கிறாள். பிறகு தொடர்கிறாள்."